ஈரலோடு நில்லாத நோய்



என்னுடன் பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவருக்குக் கணுக்காலுக்கு மேலே செந்நீலப் புள்ளிகள் தோன்றலாயின. தோல் நோய் என்று களிம்பு பூசினார். மூட்டுகள் வலித்தன, முதுமையின் வேலை என்றார். கால் வீங்கி, சிறுநீர் நுரைத்த பின்னரே மருத்துவரை நாடினார். இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், 'ஹெபடைட்டிஸ் சி' என்றார். "ஈரல் நோய்க்குக் காலிலா அடையாளம்?" என்று நண்பர் திகைத்தார். அத்திகைப்புக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இந்நோயின் நுண்கிருமி 1989-இல் கண்டறியப்பட்டது. அது தொடர்பான ஆராய்ச்சிக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவரும் 2020-இல் நோபல் பரிசு பெற்றனர். இரத்தத்தின் வழியே பரவும் இக்கிருமி, ஈரலில் பல்லாண்டுகள் அரவமின்றிக் குடியிருக்கவல்லது.

கிருமி ஈரலில் இருக்க, கேடு பிற உறுப்புகளில் விளைவது எங்ஙனம்? நம் உடல் பகைவனை எதிர்க்க எதிர்ப்புப் புரதங்களை ஓயாமல் ஆக்குகின்றது. போர் முடியாது நீளும்போது அவற்றுட் சில திரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து திரள்கின்றன. இரத்தத்திலிருந்து பிரித்த ஊனீரைக் குளிரவைத்தால், மார்கழி நெய்போல் அவை உறையும், சூடேற்றினால் கரையும். ஆதலின் அவற்றைக் கிரையோகுளோபுலின் என்பர். இத்திரள்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் படிந்து அழற்சியை விளைக்கின்றன. தோலில் அது புள்ளி. நரம்பில் மரமரப்பும் எரிச்சலும். சிறுநீரக வடிகட்டியிலோ புரதம் கசிந்து நுரையாகத் தோன்றும். நீரிழிவும், தீராத சோர்வும் இந்நோயாளரிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன. சிலருக்கு நிணநீர்ப் புற்றும் உண்டாகலாம். எல்லோருக்கும் இவை வரும் என்று அஞ்ச வேண்டா. வந்தால் அடையாளம் காண வேண்டும்.

நண்பரைத் தாமதிக்கச் செய்தது நோயன்று, நாணமே. ஈரல் நோய் குடிகாரர்க்கே வரும் என்று ஊரார் எண்ணுவர் என அஞ்சி, சோதனையின் முடிவை இல்லத்தாரிடமும் மறைத்தார். மதுவைத் தொட்டறியாத அவருக்கு, இளமையில் ஏற்றப்பட்ட இரத்தத்தால் இது வந்திருக்கலாம் என்றார் மருத்துவர். ஓராண்டு வீணே கழிந்தது. பின்னர்ப் பன்னிரண்டு வாரம் மாத்திரை உண்டார், கிருமி ஒழிந்தது, புள்ளிகள் மறைந்தன. சிறுநீரகம் மட்டும் முழுதும் தேறவில்லை. அந்த ஓராண்டின் விலை அது.

இன்றைய மருந்துகளால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமடைகின்றனர். இந்திய அரசு 2018-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ்ச் சோதனையும் சிகிச்சையும் இலவசம். எனினும் இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. ஆகவே ஒருவருக்குப் பயன்பட்ட ஊசியை மற்றவர் பயன்படுத்தலாகாது. சவர அலகைப் பகிரலாகாது. தூய்மையற்ற ஊசியால் பச்சை குத்திக்கொள்ளலாகாது. ஆனால் உடன் உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ இது பரவாது. நோயாளரை ஒதுக்குவது அறியாமை.

"கணக்கில் பிழை நேர்வது ஓரிடம்; அது வெளிப்படுவது வேறிடம்" என்று அந்நண்பர் வகுப்பில் கூறுவதுண்டு. உங்கள் இல்லத்துப் பெரியவர் எவரேனும் காலில் புள்ளி என்றோ, நீங்காத அயர்வு என்றோ கூறினால், அச்சொல்லை நினைவிற் கொண்டு, அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.