காவற்காரன் ஆள் மாறிப் பிடித்தால்



முப்பத்து நான்கு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற எனக்குக் கணினியோடு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது ஓய்வு பெற்ற பின்னரே. எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். அவர்களுக்குரிய மாதிரி வினாத்தாள்களை நானே தமிழில் தட்டெழுதி அச்சிட்டுக் கொடுப்பது வழக்கம்.

பொதுத் தேர்வுக்குச் சில நாட்களே இருந்த ஒரு காலை. கணினியைத் திறந்து 'அ' என்னும் எழுத்துக்குரிய விசையை அழுத்தினேன். ஆங்கில எழுத்து வந்தது. எத்தனை முறை அழுத்தினும் அதுவே வந்தது. தமிழ் எழுத உதவும் சிறு நிரல் இருந்த இடத்தில் இல்லை. வைரஸ் தடுப்பு நிரல் முன்னிரவில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது என்ற அறிவிப்பு மட்டும் திரையின் ஓரத்தில் தெரிந்தது. அதைப் படித்தேன், ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. காரண காரியத் தொடர்பைக் காலமெல்லாம் கற்பித்தவன் செய்த முதற்பிழை அது.

நடந்தது இதுதான். வைரஸ் தடுப்பு நிரல், அறிந்த வைரஸ்களின் அடையாளங்களைக் கொண்டு சிலவற்றைப் பிடிக்கிறது. நடத்தையைப் பார்த்துச் சிலவற்றைச் சந்தேகிக்கிறது. தமிழ் எழுதும் நிரலின் நடத்தை எத்தகையது? நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடையில் நின்று வாங்கி, வேறோர் எழுத்தாக மாற்றித் தருகிறது. நம் கடவுச்சொல்லைத் திருடும் கள்ள நிரலும் விசைகளை அவ்வாறே இடையில் நின்று வாங்குகிறது. புதிய கட்டளை பெற்ற காவற்காரன் அவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிவிட்டான். ஆயினும் பிடித்ததை உடனே அழிப்பது அவன் வழக்கம் அன்று. சுங்கச் சாவடியில் தடுத்து வைத்த சரக்கைப் போல, தனியறை ஒன்றில் பூட்டி வைக்கிறான். நாளும் நேரமும் கோப்பின் பெயரும் அவனுடைய பதிவேட்டில் இருக்கும். நான் அப்பதிவேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அண்டை வீட்டு இளைஞர் ஒருவர், "அதை நிறுத்தி வையுங்கள் சார், எல்லாம் சரியாகிவிடும்" என்றார். நிறுத்தினேன், தமிழ் நிரலை மீண்டும் நிறுவினேன், எழுத்து ஓடியது. காவலை மறுபடி தொடங்க மறந்தேன். விண்டோஸிலேயே ஒரு காவல் நிரல் உண்டு. ஆனால் வேறொன்று பொறுப்பேற்றிருக்கையில் அது ஒதுங்கிக்கொள்ளும். பொறுப்பேற்றதை நாம் தற்காலிகமாக நிறுத்தினால், ஒதுங்கியது தானே எழுந்து வரும் என்று நம்பியிருக்க இயலாது. என் வீட்டு வாயில் நான்கு நாட்கள் திறந்தே கிடந்தது.

அச்சிடுவதற்காக என் பென் டிரைவை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டு சென்றேன். திரும்பி வந்தபோது அதனுள் அழையா விருந்தாளி ஒன்று இருந்தது. கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிக் குறுக்குவழிகளை வைக்கும் வகை அது. என்னிடம் குறிப்புகளைப் பிரதி எடுத்த இரு மாணவிகளின் வீட்டுக்கும் சென்றது. அவர்களுள் ஒருத்தியின் தந்தையார் தையற்கடை வைத்திருப்பவர். "சார், அப்பா கணக்கு எதுவும் திறக்கவில்லை" என்று அவள் வந்து நின்றபோது, தலைமையாசிரியர் என்னும் பெயருக்கே நான் கூசினேன். கோப்புகள் அழியவில்லை, மறைந்திருந்தன, மீட்டுவிட்டோம். ஆனால் தேர்வு வாரத்தில் அந்தக் குழந்தைக்கு இரண்டு மாலைகள் போயின.

இத்தகைய பிழை எளியவர் வீட்டில் மட்டும் நிகழ்வதன்று. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனத்தின் புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் எனப் பிடித்தது. கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. 2012 செப்டம்பரில் சோஃபாஸ் நிறுவனத்தின் நிரல் தன்னைப் புதுப்பிக்கும் தன் சொந்த உறுப்பையே ஐயுற்றது; அதனால் திருத்தம் வந்தும் சில கணினிகளில் உள்ளே நுழைய வழியில்லை! 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் காவல் நிரலுக்கு அனுப்பிய சிறு கோப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. புதிய விதி 21ஆம் உள்ளீட்டைக் கேட்டது, கொடுக்கப்பட்டிருந்தவையோ 20. இல்லாததைப் படிக்க முயன்று கணினியே விழுந்தது. 78 நிமிடங்களில் அக்கோப்பைத் திரும்பப் பெற்றும், விழுந்த கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு நிலையில் திறந்து, அதைக் கையால் நீக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டு விமான நிலையங்களிலும் விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால், கை வைக்குமுன் எழுதுங்கள்: நேற்று வரை என்ன இயங்கிற்று, இன்று எது இயங்கவில்லை, திரையில் வந்த சொற்கள் யாவை. பிறகு ஒரு முறை கணினியை அணைத்துத் தொடங்குங்கள். பல புதுப்பிப்புகள் அதன் பின்னரே முழுமை பெறுகின்றன. அடுத்து அந்தத் தனியறைப் பதிவேடு. உங்கள் கோப்பு அங்கே இருந்தால், அவசரப்பட்டு விடுவிக்க வேண்டா. அதை எங்கிருந்து பெற்றீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். தயாரித்தவரிடமிருந்தே பெற்றது என்று உறுதியானால், அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்கு அளியுங்கள். முழு வட்டுக்கும் விலக்கு அளிப்பது கதவையே கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும். காவல் நிரலே திறக்க மறுத்தால், அதைத் தயாரித்த நிறுவனம் தரும் நீக்கும் கருவியால் முற்றாக நீக்கிப் புதிதாக நிறுவுங்கள். இரண்டு காவல் நிரல்களை ஒருங்கே வைத்து அவை ஒன்றையொன்று பிடிக்க விடாதீர்கள்.

நான் பிறகு பதிவேட்டைத் திறந்தேன். என் தமிழ் நிரல் முதல் வரியிலேயே இருந்தது. பக்கத்தில் 'மீட்டெடு' என்ற பொத்தானும் இருந்தது. அதைத் தவறாகப் பிடித்த செய்தியை நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினேன். அடுத்து வந்த புதுப்பிப்பு அதைத் தொடவில்லை. தையற்கடைக்காரர் இப்போது தம் கணினியில் எதை மாற்றினாலும் நாளையும் நேரத்தையும் அளவுக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறார். என் பென் டிரைவை மட்டும் அவர் இன்னும் வாங்குவதில்லை.