மாறுவது மரபணுவா, அதன் வெளிப்பாடா?



மொழியியல் படித்தவனுக்கு மூளையிலுள்ள மரபணுவோடு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். சென்ற ஆண்டு அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஒரு மாணவரின் விடைத்தாளை என்னிடம் காட்டினார். 'எல்.எஸ்.டி. போன்ற மருட்சியூட்டும் பொருள்கள் மூளையின் மரபணுவை மாற்றுகின்றன' என்று அதில் எழுதியிருந்தது. "இது சரியா, தவறா ஐயா?" என்றார். சிக்கல் 'மாற்றுகின்றன' என்னும் ஒரு வினையில் இருந்தது.

இவ்வினை அறிஞர்களையும் அலைக்கழித்ததுண்டு. ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மனித இரத்த அணுக்களில் எல்.எஸ்.டி. குரோமோசோம்களைச் சிதைத்ததாக 1967இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அச்சம் பரவிற்று. 1971இல் அதே இதழில் வெளிவந்த மீளாய்வு, மிதமான அளவில் தூய எல்.எஸ்.டி. அவ்வாறு சிதைப்பதில்லை என முடிவு கூறியது. இப்பொருள்கள் நம் நாட்டில் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. ஆயினும், தடுப்பதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மரபணுத் தொகுதியை ஓர் அகராதியாகக் கொள்வோம். அகராதியிலுள்ள சொற்கள் எல்லாவற்றையும் நாம் ஒரே நேரத்தில் பேசுவதில்லை. உயிரணுவும் அப்படியே: தனக்கு வேண்டிய மரபணுவை மட்டும் படியெடுத்துப் புரதமாக்குகிறது. அதுவே மரபணு வெளிப்பாடு. எலிகளுக்கு ஒரே ஒருமுறை எல்.எஸ்.டி. கொடுத்து, மூளையின் முன்பகுதிப் புறணியை நிக்கல்ஸ், சாண்டர்ஸ்-புஷ் ஆகியோர் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர். சில மரபணுக்களின் வெளிப்பாடு கூடியிருந்தது. அகராதி மாறவில்லை, பேச்சு மாறியது.

2007இல் வெளிவந்த ஆய்வு இன்னும் சுவையானது. லிசுரைடு என்றொரு மருந்து உண்டு. எல்.எஸ்.டி. பற்றும் அதே செரட்டோனின் 2ஏ ஏற்பியை அதுவும் பற்றும். ஆனால் மருட்சி தராது. சுண்டெலிகளில் இரண்டுமே சி-ஃபோஸ் என்னும் மரபணுவைத் தூண்டின. ஈஜிஆர்-1, ஈஜிஆர்-2 ஆகியவற்றையோ மருட்சி தருபவை மட்டுமே தூண்டின. நம் பேச்சில் வரும் 'ம்' என்னும் ஒலி நினைவுக்கு வருகிறது. ஒலி ஒன்றுதான், ஒருகால் உடன்பாடு, ஒருகால் வினா. ஏற்பி ஒன்றாயினும் உயிரணு அதைக் கேட்கும் விதம் இரண்டு.

மாணவர் பக்கமும் சற்று நியாயம் இருக்கிறது. இவ்வினத்தைச் சேர்ந்த டி.ஓ.ஐ. என்னும் பொருளை ஒருமுறை பெற்ற சுண்டெலிகளில், வெளிப்பாட்டு மாற்றங்கள் பெரும்பாலும் விரைவில் தணிந்தன. டி.என்.ஏ. இழை புரதங்களோடு சுருண்டிருக்கும் அமைப்பில் ஏற்பட்ட மாற்றங்களோ ஏழு நாள் கழித்தும் காணப்பட்டன. இது 2021இல் வெளிவந்த முடிவு. எழுத்து அதே எழுத்துத்தான். எந்தப் பக்கம் எளிதாகத் திறக்கும் என்பது மாறியிருக்கிறது. உயிரோடிருக்கும் மனிதரின் மூளைத் திசுவை வெட்டியெடுத்து இவ்வாறு பார்க்க இயலாது என்பதையும் மறக்கலாகாது.

ஆசிரியரிடம், "அரை மதிப்பெண் கொடுங்கள், 'மரபணு' என்பதையடுத்து 'வெளிப்பாடு' என்று சிவப்பு மையால் எழுதிவிடுங்கள்" என்றேன். "அந்தச் சொல் அவனுக்குப் புரியுமா ஐயா?" என்றார். அகராதியைக் கையில் கொடுத்து விளக்கிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.