பத்தாயத்துப் பூனையும் வைக்கோற்போர்ப் பூனையும்

நெல் விளையும் ஊரில் பூனை வளர்ப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. முத்துப்பேட்டையில் தை மாதம் சம்பா நெல் களத்தை விட்டு வீடு வந்து சேர்ந்தால், எலியும் அதன் பின்னாலேயே வந்து சேரும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் பெரிய பத்தாயம் ஒன்று இருந்தது. ஒரு சித்திரை மாதத்தில் அதன் அடியில் எங்கள் பூனை மூன்று குட்டிகளை ஈன்றது. பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். இது ஓரிடமும் மாற்றவில்லை. கண் திறந்த சில நாட்களிலேயே அக்குட்டிகள் எங்கள் மடிக்கு வந்துவிட்டன.

அவ்வாண்டு ஐப்பசியில் அதே பூனை கொல்லைப்புற வைக்கோற்போரின் இடுக்கில் மறுபடியும் ஈன்றது. அடைமழையில் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. மார்கழிக் கடைசியில் போரைப் பிரித்தபோது அங்கே ஒரு குட்டி மட்டும் இருந்தது. ஆசையோடு கை நீட்டிய என் தம்பியின் விரலை அது கடித்துவிட்டது. சவுக்காரம் போட்டு வெகுநேரம் கழுவி, ஊசிக்காக மருத்துவமனைக்கு ஓடினோம். பூனைக் கடியாலும் வெறிநோய் வரக்கூடும் என்பதால் இதில் தாமதம் கூடாது. “சாக்கில் கட்டி அலையாத்திக் காட்டுப் பக்கம் விட்டுவிட்டு வா” என்றார் அப்பா.

ஒரே தாயின் குட்டிகளுக்குள் ஏன் இந்த வேற்றுமை? அன்று எங்களுக்கு விளங்கவில்லை. அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐலீன் கார்ஷ் என்னும் அம்மையார் 1980-களில் நடத்திய ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன. பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கிறது. அப்போது மனிதரின் கை பழகினால் பெரும்பாலும் அச்சம் நீங்கிவிடும். காலம் கடந்தபின் தொடங்கினால் பலன் மிகவும் குறைவு. எங்கள் வைக்கோற்போர்க் குட்டியோ அந்த ஐந்து வாரங்களையும் மழையில் கழித்துவிட்டது.

மனிதரோடு பழகிய பூனை எலி பிடிக்குமா என்று குடியானவர்கள் ஐயுறுவதுண்டு. குவோ என்னும் சீன அறிஞர் 1930-இல் வெளியிட்ட சோதனையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். எலியைக் கொல்லும் தாயைப் பார்த்து வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனித்து வளர்ந்த 20-இல் 9 மட்டுமே கொன்றன. எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18-இலோ வெறும் மூன்று! ஆகவே எலி பிடிப்பதைப் பெரிதும் கற்பிப்பது தாயின் துணையே; நம் மடி அதைக் கெடுப்பதில்லை. எட்டு வாரம் நிறையும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழக்கும் முறை எளியதே. நாள்தோறும் சிறிது சிறிதாக, மொத்தம் அரைமணிக்குக் குறையாமல் கையில் வைத்திருங்கள். ஒருவர் மட்டும் தூக்கினால் அது அவரையே அறியும். பாட்டி, குழந்தை, வந்த விருந்தாளி எனப் பலரும் தூக்கட்டும். உரலின் ஓசையும் நாயின் குரலும் தொலைவிலிருந்து காதில் விழட்டும். வெறுங்கையை ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள். ஒரு கயிற்றுத் துண்டு போதும். கடித்தால் அடிக்காமல், விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்துவிடுங்கள்.

அப்பா சொன்ன சாக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். “பயந்த பிள்ளையையா காட்டில் விடுவது?” என்று அம்மா தடுத்துவிட்டார். நாள்தோறும் கொல்லைப்படியில் மீன் கலந்த சோற்றை வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் உள்ளே வந்துவிடுவார். மூன்று மாதத்தில் அது அம்மாவின் கண்முன்னே உண்ணத் தொடங்கிற்று. ஓராண்டு சென்றபின் அடுக்களை வாசலில் வந்து படுத்தது. வைக்கோற்போரில் எலி தங்கவிடவில்லை. ஆனால் கடைசிவரை, அம்மா உட்பட, ஒருவர் கையும் தன்மேல் படுவதற்கு அது இடம் கொடுக்கவே இல்லை.