புறநகர் மனையும் நீரின் வழியும்

சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகள் பலவும் ஏரிப்பாசனத்தால் விளைந்த வயல்வெளிகளாக இருந்தவை என்பதால், அங்கு வீடு வாங்குவோர் கட்டடத்தின் அழகுக்கு முன்னதாக நிலத்தின் பழைய இயல்பை அறிந்துகொள்வது இன்றியமையாததாகும்.

ஏரி நிரம்பியபின் உபரிநீர் வழிந்தோடும் கல்கட்டுமானம் கலங்கல் எனப்படும். அதிலிருந்து இறங்கும் நீர் சாலைகளும் சுவர்களும் எழுந்த பின்னரும் தன் பழைய தாழ்வழியையே நாடுகிறது என்பதை, 2015 டிசம்பரில் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்த அடையாற்று வெள்ளம் உணர்த்தியது. ஆகவே, மனையின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தில் அருகே ஓடையோ வாய்க்காலோ குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பதும், சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் ஆகியவற்றைத் தெரிவிக்கும் வில்லங்கச் சான்றைப் பெறுவதும் அவசியம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அமையும் குடியிருப்புத் திட்டம், 2016ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டப்படி ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

ஆவணங்கள் சொல்லாதவற்றைத் தெருவே சொல்லிவிடும். சுற்றுச்சுவரில் இடுப்பளவு உயரத்தில் படிந்த பழுப்புக் கோடு வெள்ளத்தின் அளவைக் காட்டும். மீண்டும் மீண்டும் போடப்பட்டு உயர்ந்த சாலைக்குக் கீழே இறங்கிவிட்ட பழைய வீட்டு வாசற்படி, புதிய வீட்டின் நாளைய நிலையைக் காட்டும். கோடையில் வரிசையாக நிற்கும் தண்ணீர் லாரிகள் நிலத்தடி நீரின் நிலையைக் காட்டும்.

வெயிற்காலத்தில் மனையைப் பார்த்தவர், அடைமழை நாளொன்றிலும் அதே தெருவை நடந்து பார்த்தபின் முன்பணம் கொடுப்பதே அறிவுடைமை.