நான்கு தந்திகளின் பேச்சு



தலைநகரில் நாம் குடியிருக்கும் அரசாங்கக் குடியிருப்பின் மாடிப்படியில் ஞாயிறு மாலைதோறும் மூன்று இளைஞர் கூடுவது வழக்கம். ஒருவன் நம் அலுவலக நண்பரின் மகன். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. மற்றொருவன் வங்காளி, மூன்றாமவன் பஞ்சாபி. மூவரும் பேஸ் கிதார் வாசிப்பவர்கள். ஒரு குழுவுக்கு ஒரு பேஸ் கிதாரே போதும். ஆதலால் வாசிப்பது வெவ்வேறு குழுக்களில், பேசுவது மட்டும் இந்தப் படிக்கட்டில். உலர்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போகும்போது அவர்கள் பேச்சு நம் காதில் விழும். "ஏழாவது இடம் செத்துக் கிடக்கிறது", "அறுபத்துநான்குக்கு முந்தியது என்றால் தொடவே முடியாது", "டேப் பொய் சொல்கிறது" என்பன போன்ற வாக்கியங்களைக் கேட்டு முதலில் திகைத்தோம். நமக்குச் சங்கீதத்தில் கேள்வி ஞானம் மட்டுமே உண்டு. ஆயினும் சொல்லுக்குப் பொருள் தேடுவதே தொழிலாகி விட்டமையால் சும்மா இருக்கக் கூடவில்லை. ஒரு நாள் படியில் நாமும் உட்கார்ந்து விட்டோம்.

பேஸ் கிதார் என்பது பழைய வாத்தியம் அன்று. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துப் புல்லர்ட்டன் நகரில், லியோ ஃபெண்டர் என்பவர் 1951-இல் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் 1930-களிலேயே இத்தகைய ஒன்றைச் செய்ததுண்டு, அது பரவவில்லை. அதற்கு முன் இசைக்குழுக்களில் கீழ்ச்சுரம் வாசித்தவர், ஆள் உயரப் பெரிய பிடிலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வாசிக்கவேண்டும். ஊர் ஊராகத் தூக்கிச் செல்வதும் கடினம். மற்ற வாத்தியங்களின் ஒலியில் அது அமுங்கியும் போகும். ஃபெண்டர் அதன் நான்கு தந்திகளையும் அதே சுருதியில் கிதாரின் உடலில் ஏற்றி, மின்சாரத்தால் ஒலி பெருக்கினார். வீணையில் நாம் மெட்டு என்பதை இவர்கள் ஃபிரெட் என்பர். அந்த ஃபிரெட்டுகள் விரலுக்குச் சரியான இடத்தைக் காட்டுவதால் தம் வாத்தியத்துக்கு 'துல்லியம்' எனப் பொருள்படும் 'பிரிசிஷன்' என்ற பெயரையே சூட்டினார். அதன் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. இந்த எண்ணை நினைவில் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

படிக்கட்டுப் பேச்சில் பாதி கொடுக்கல் வாங்கல்தான். தன்னிடம் இருப்பதை விற்றுப் பிறனிடம் இருப்பதை வாங்குவதில் இவர்களுக்கு உள்ள ஆர்வம், நம் நாட்டுப்புறத்து மாட்டுச் சந்தையைத்தான் நினைவூட்டுகிறது. பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் இங்கும் ஒரு முறை உண்டு. தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பார்க்கிறார்கள். மிகுதியாகத் தெரிந்தால் தண்டி வளைந்திருக்கிறது. தில்லியின் மே மாதத்து வறட்சியும் ஆகஸ்டு மாதத்து ஈரமும் மரத்தை அசைக்காமல் விடுவதில்லை. தண்டியின் உள்ளே ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. அதனைச் சிறு சாவியால் கால் சுற்று திருகினால் வளைவு நீங்கும். இதை அறியாத பேர்வழிகள் நல்ல வாத்தியத்தைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதும், அறிந்தவர்கள் தரியாகஞ்சுக் கடைகளில் அதற்காகவே சுற்றுவதும் உண்டாம். மிக உயர்ந்த தந்தியில் ஐந்தாவது முதல் ஏழாவது ஃபிரெட் வரை சில வாத்தியங்களில் நாதம் சட்டென்று அடங்கிவிடும். அந்தச் சுரத்தின் அதிர்வைத் தண்டியே வாங்கிக்கொள்வதுதான் காரணம். "செத்துக் கிடக்கிறது" என்று அவர்கள் சொன்னதன் பொருள் அப்போது விளங்கிற்று. 1965-இன் தொடக்கத்தில் ஃபெண்டர் தம் நிறுவனத்தைச் சி.பி.எஸ். என்னும் பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அதற்கு முன் செய்யப்பட்டவற்றுக்கே சந்தையில் மதிப்பு அதிகம் என்பதும் தெரிந்தது.

விலைக்கும் வாசிப்புக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு நேரானது அன்று. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுன் கொடுத்து வாங்கியது, பிடில் வடிவத்தில் அமைந்த மலிவான ஹோஃப்னர் கிதார். அவர் இடக்கையர். இருபுறமும் ஒத்த வடிவம் ஆதலால் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தோன்றாது என்பதும் அதைத் தேர்ந்தமைக்கு ஒரு காரணம். 1972-இல் அது லண்டனில் ஒரு வண்டியிலிருந்து களவு போயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், தென் இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பரணிலிருந்து வெளிப்பட்டு உரியவரிடமே திரும்பியது. 2024-இல் அச்செய்தி உலகெங்கும் வெளியாயிற்று. டெட்ராய்ட் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்சனின் கதை இதற்கு நேர்மாறு. மோடவுன் நிறுவனத்தின் புகழ்பெற்ற பாட்டுகள் பலவற்றுக்குக் கீழே ஓடுவது அவர் வாசிப்பு. வலக்கையில் ஒரே ஒரு விரலால் மீட்டுவார்; தந்திகளை மாற்றவே மாட்டார் என்பர். மார்வின் கேயின் 1971-ஆம் ஆண்டுத் தட்டு வெளிவரும் வரை, அவ்வளவு தட்டுகள் விற்றும் அவர் பெயர் அவற்றின்மேல் அச்சேறவில்லை. 1983-இல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு அவருடைய வாத்தியமும் திருடு போயிற்று.

நண்பர் மகனின் வாத்தியம் இவ்வளவு பெருமைக்கு உரியதன்று. 2016-இல் ஊதியக் குழுவின் நிலுவைத் தொகை கைக்கு வந்த மாதத்தில், அவன் தந்தை பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கித் தந்தது. சென்ற பொங்கல் விழாவில் அதனால் ஒரு சங்கடம் நேர்ந்தது. அல்லது அதனால் நேர்ந்தது என்று அவன் எண்ணினான்.

விழாவுக்கு என்ன பாட்டு வாசிப்பது என்பதில் மாதக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது. பிறர் பாடிய பாட்டைத் தாம் எடுத்து வாசிப்பதை இவர்கள் 'கவர்' என்பர். பேஸ் கிதார் மேலோங்கி நிற்கும் ஆங்கிலப் பாட்டு வேண்டும் என்பது பிள்ளையின் கட்சி. "நீ ஒருவன் மகிழ்வாய், சபை காப்பி குடிக்க எழுந்து போய்விடும்" என்றான் பஞ்சாபி. நமக்கும் அவன் கட்சியே சரியெனப் பட்டது. முடிவில், 1982-இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய நிலவுப் பாட்டைத் தேர்ந்தனர். இளையராஜாவின் இசை. அவர் கிதாரும் மேல்நாட்டு இசை எழுத்தும் முறையாகக் கற்றவர். அவர் பாட்டுகளில் பேஸ் கிதார் பின்னால் ஒளிந்து நிற்பதில்லை, பாடகரோடு உரையாடும். மற்றொரு வசதியும் இருந்தது. அந்த மெட்டு 1983-இல் 'கலாகார்' என்ற இந்திப் படத்தில் கிஷோர் குமார் பாடிய பாட்டாக வடக்கே பரவியது. ஆதலால் அண்டை வீட்டாரும் அறிவர். சட்டமும் இடையூறு செய்யவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தொழில்முறை சாராத ஒரு சங்கம் கட்டணம் வாங்காத சபையின் முன் பாடுவதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. பதிவு செய்து வெளியிடுவதானால் 31-சி பிரிவின் கீழ் ஐந்தாண்டுக் காத்திருப்பு, முன்பணம் என்று பல நிபந்தனைகள் உண்டு. இதைச் சொன்னபோதுதான் படிக்கட்டில் நமக்கு முதன்முதலாக மரியாதை கிடைத்தது.

விழா நாளில் இரண்டாம் சரணத்தில் பேஸ் கிதார் தடுமாறியது. பாடிய பெண் ஒரு கணம் நின்று, பின் எப்படியோ சமாளித்தாள். பெரியவர்கள் கை தட்டினார்கள். தந்தை முதல் வரிசையில் இருந்தார்.

மறு வாரம் பிள்ளை நம் வீட்டுக்கு வந்தான். "மாமா, இந்தக் கிதாரால்தான் மானம் போயிற்று. இதை விற்றுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கவேண்டும். நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார்" என்றான். நண்பரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றுக் கும்பகோணத்துக்குத் திரும்ப இருப்பவர். "விற்கட்டும். ஆனால் கெட்டது என்று சொல்லி விற்க வேண்டாம் என்று சொல்லுங்கள், சார்" என்றார். அதற்குமேல் நமக்கு வாய் எழவில்லை.

வங்காளி இளைஞன் வாத்தியத்தை வாங்கிப் பார்த்தான். தந்தியை அழுத்தினான், தண்டியை ஒரு கண்ணால் நோக்கினான், சாவியால் சிறிது திருகினான். "இதில் குற்றம் இல்லை, நீ எதைப் பார்த்து வாசித்தாய்?" என்று கேட்டான். பிள்ளை தன் கைப்பேசியில் ஒரு 'டேப்'பைக் காட்டினான். ஒலிநாடா என்று நாம் எண்ணியது பிழை; டேப்லேச்சர் என்பதன் சுருக்கம் அது. நான்கு தந்திக்கு நான்கு கோடு, கோட்டின்மேல் எண்கள். எந்தத் தந்தியில் எத்தனையாவது ஃபிரெட்டில் விரலை வைப்பது என்பதையே எண் காட்டும். பூச்சியம் என்றால் திறந்த தந்தி. இது புதுவழக்கும் அன்று. வெனிஸ் நகரில் பெத்ருச்சி என்பவர் 1507-இல் லூட் வாத்தியத்துக்கு இம்முறையில் நூல் அச்சிட்டார். இத்தாலியர் எண்களை எழுதினர். பிரெஞ்சுக்காரர் எழுத்துகளை எழுதினர். ஆயினும் அப்பழைய நூல்களில் எண்களுக்கு மேலே கால அளவைக் காட்டும் குறிகள் தவறாமல் இருக்கும். இக்காலத்தில் கணினியில் தட்டச்சு செய்யப்படும் டேப்புகளிலோ பெரும்பாலும் அந்தக் குறிகள் இல்லை. எங்கே விரல் என்று தெரியும். எவ்வளவு நேரம், எங்கே மௌனம் என்று தெரியாது.

இன்னொரு குறையும் உண்டு. நம் சுர எழுத்து, சட்சம் எங்கிருந்தாலும் பொருந்தும். டேப் ஒரே சுருதிக்குக் கட்டுப்பட்டது. ஆண் பாடிய பாட்டை அந்தப் பெண் வேறு சுருதியில் பாடினாள். பிள்ளை ஒவ்வோர் எண்ணோடும் நான்கைக் கூட்டிக்கொண்டான். பூச்சியங்கள் எல்லாம் நான்காயின. திறந்த தந்தி ஒலிக்கும்போது இளைப்பாறி நகர்ந்த கைக்கு இப்போது இளைப்பாற இடமில்லை. இரண்டாம் சரணத்தில் விரல் பின்தங்கியது இதனால்தான். சொல்லுக்குச் சொல் அகராதி பார்த்து நாம் செய்த முதல் மொழிபெயர்ப்பைப் பிரிவு அதிகாரி திருப்பி அனுப்பிய நாள் நமக்கு நினைவு வந்தது. அங்கேயும் சொற்கள் எல்லாம் சரியாகவே இருந்தன.

"பாட்டைக் காதால் கேட்டாயா?" என்று வினவினோம். நூறு முறை கேட்டானாம், கைப்பேசியில். நினைவில் கொள்ளச் சொன்ன எண் இப்போது வேண்டும். விநாடிக்கு 41 அதிர்வை அந்தச் சிறு ஒலிபெருக்கியால் எழுப்பவே முடியாது. மேலே உள்ள கிளை ஒலிகளைக் கொண்டு, கீழே இப்படி ஒரு சுரம் இருக்கவேண்டும் என்று காதே ஊகித்துக்கொள்கிறது. அவன் அத்தனை நாளும் கேட்டது பெரும்பாலும் ஊகத்தையே. வங்காளி தன் பெரிய தலைப்பேசியைக் கழற்றி அவன் காதில் மாட்டினான். பிள்ளை முழுப் பாட்டையும் அசையாமல் கேட்டான். பின்பு, "இது வேறு பாட்டு, மாமா" என்றான்.

பதினைந்து நாள் அவன் படிக்கட்டுக்கு வரவில்லை. வந்தபோது கையில் கோடிட்ட நோட்டுப் புத்தகம் இருந்தது. தானே எழுதிய டேப்; பெண்ணின் சுருதிக்கு ஏற்ற விரல் அமைப்பு; ஒவ்வோர் எண்ணின் மேலும் கால அளவுக்குச் சிறு கோடுகள். பெத்ருச்சியின் பெயரை அவன் கேட்டதில்லை. சித்திரைப் புத்தாண்டு விழாவில் மறுபடியும் அதே பாட்டு. பின்வரிசையில் இருந்த பஞ்சாபிக் குடும்பங்கள் தாமாகவே இந்திச் சொற்களைப் பாடத் தொடங்க, முன்வரிசை தமிழில் பாட, இரண்டையும் கீழேயிருந்து நான்கு தந்திகள் தாங்கின. நண்பர் நம் பக்கம் திரும்பவே இல்லை, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிதாரை அவன் விற்காமல் இல்லை. புதிதாக வேலை கிடைத்ததும் ஐந்து தந்தி உடையதாக ஒன்று வாங்கினான். பழையதைப் பரீதாபாத்திலுள்ள ஒரு திருச்சிக் குடும்பத்துப் பெண் குழந்தைக்கு நாலாயிரத்துக்குக் கொடுத்தான். விலையைக் குறைத்தவர் தந்தை. "நல்ல வாத்தியம், குழந்தை. மே மாதத்தில் மட்டும் தண்டியைப் பார்த்துக்கொள்" என்று அவரே உறையோடு எடுத்துக் கொடுத்தார்.

உறையினுள் அந்த நோட்டுப் புத்தகமும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பாட்டின் சொற்களை நாகரி எழுத்தில் எழுதி வைத்திருந்தான். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பாட்டின் முதல் அடியிலேயே ளகரமும் ழகரமும் வருகின்றன. இந்தி படிப்பவர்க்கு இரண்டுமே பழக்கமில்லாத எழுத்துகள். மராத்தியின் ளகரத்தை எடுத்துக்கொண்டு, அதன் கீழே ஒரு புள்ளி இட்டால் ழகரம் என்பது அரசாங்கம் வகுத்த விரிந்த நாகரியின் முறை; அவனுக்கு அதைக் காட்டிக் கொடுத்தவர் நாமே. குழந்தை பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, "அங்கிள், இந்தப் புள்ளி என்ன?" என்று கேட்டாள். பிள்ளை அவள் அருகே படியில் உட்கார்ந்து, நாக்கை மடித்துச் சொல்லிக் காட்டத் தொடங்கினான்.