குறை சொன்னவன் குற்றவாளியா?

நம் கிளையின் பழைய காரில் எஞ்சின் விளக்கு எரிந்தது. பட்டறைக் கருவி ‘பி 0171’ என்று காட்டிற்று. பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று என்பது பொருள். புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சாரை மாற்றினோம். ஒரே வாரத்தில் மறுபடியும் விளக்கு! சந்தா வெள்ளி வீணாயிற்று.

பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்தோம். ‘உஸ்’ என்ற சத்தம். எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்தில் சிறு ரப்பர்க் குழாயொன்று வெடித்திருந்தது. சூட்டில் ரப்பர் வெடிப்பது நமக்கா தெரியாது? குழாயை மாற்றிக் குறியீட்டை அழித்தோம், விளக்கு எரியவில்லை.

சென்சார் குற்றவாளியன்று, சாட்சி. முறையிட்டவனை மாற்றினால் முறையீடு தீருமா? புதுச் சாமான் வாங்குமுன் குழாய், கம்பி, இணைப்பு மூன்றையும் பாருங்கள்.