பூ விலை சொல்லும் சேதி

வரமகாலட்சுமி நோன்புக்கு முதல் நாள் பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் கனகாம்பரம் விலை கேட்டுப் பாருங்கள். தலை சுற்றும். யார் ஏற்றியது? எந்த அதிகாரியும் உத்தரவு போடவில்லை. கேட்பவர் அதிகம், பூ குறைவு. விலை ஏறிவிட்டது.

அந்த விலை ஒரு சேதி. ஓசூர்ப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு அது எட்டுகிறது; விடியுமுன்னே கூடைகள் வண்டி ஏறுகின்றன. இங்கே பத்து முழம் நினைத்து வந்த அம்மா நாலு முழத்தோடு நிறுத்திக்கொள்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. விலைதான் பேசியது.

விலை ஒரு சேதி. பொருளியல் அறிஞர் ஹயக் 1945-இல் விளக்கி எழுதியது இதைத்தான். சந்தைப் பொருளாதாரம் படிக்க நினைப்பவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

கையில் காசில்லாதவரின் தேவை மட்டும் அந்தச் சேதியில் ஏறுவதில்லை. அதனால்தான் அரிசிக்கு ரேஷன் கடை இன்னும் வேண்டியிருக்கிறது.